பரண்மேல் ஆறு பெட்டி

— இந்தப் பொம்மைங்கள அடுப்புல போடு சசி. மொதல்ல அந்தக் கப்பல.

— பிளாஸ்டிக்கு மாமா. அடுப்புல போட்டா கருப்பா பொகை கெளம்பும். ஊரே மூக்கப் புடிச்சிக்கினு, இன்னாடி சசிகலா வேவுதுன்னு வாசல்ல வந்து நிக்கும். அப்ப நீ எங்க போயி ஒளியுவ?

— இனிமே ஒளியப் போறதில்லன்னு சொல்லிக்கினு கீறேன். நீ பொகையப் பத்திப் பேசற.

— மெதுவா பேசு. மழ வுட்டுப்போச்சி. மழ பெய்யசொல்ல பேசினாலும் பரவால்ல. இப்ப எதிர்வூட்ல பல்லு வெளக்கற சத்தம் கூட இங்க கேக்குது.

— மெதுவாதான்டி பேசறேன். ரெண்டு வருசமா மெதுவாதான் பேசறேன். உரக்கப் பேசறது எப்பிடின்னே மறந்துபோச்சி. போன வாரம் தும்மல் வந்துச்சே, இன்னா பண்ணேன்? சாமை மூட்டைக்குள்ள மூஞ்சிய வுட்டுத் தும்மினேன். மூக்கு பூரா சாமை. ஒரு மனுசன் சொந்த வூட்ல தும்மறதுக்கு மூட்டையத் தேடறான்.

— ரெண்டு வருசம் இல்ல. இருபத்திரெண்டு மாசம்.

— ஆங், எண்ணிக்கினு கீறியா நீ? நான் வுட்டுட்டேன் எண்றத.

— காலங்காத்தால எல்லாத்தையும் பரண்லேர்ந்து எறக்கி வெச்சிக்கினு இன்னா பண்ற?

— முடிவு கட்டறேன். துண்டு துண்டா ஒட்டிச் சேக்கற பொம்மை, ஆறு பொட்டி. ஆறும் பாதியில நிக்குது. எது தேறும், எது தேறாதுன்னு நானே சொல்லிட்டுப் போறேன். நான் இல்லாதப்ப நீ இதுங்கள மடியில வெச்சிக்கினு அழக்கூடாது பாரு.

— எங்க போற?

— தெரியாத மாதிரி கேக்காத. ராத்திரி பூரா இன்னா சொன்னேன்? ஏழு மணி பஸ்ல போளூரு. வக்கீலப் பாக்கறேன். அவரு எந்தக் கோர்ட்டுன்னு சொல்றாரோ அங்க போயி, நான்தாய்யா லட்சுமணன், ஜவ்வாது மலைக்காரன், ஆந்திராவுக்கு செம்மரம் வெட்ட வந்து காட்ல ஓடிப்போனவன், புடிச்சிக்கோன்னு கைய நீட்றேன்.

— டீ ஆறுது. குடி மொதல்ல.

— பாத்தியா, பேச்ச மாத்தற.

— நான் இன்னா சொல்றேன்னா மாமா, அந்த ஏரோப்ளேன் ஒண்ண முடிச்சிட்டுப் போ. முக்கால்வாசி ஆயிடுச்சி. ரெக்கை ஒட்டியாச்சி, வாலு ஒட்டியாச்சி, நகப்பாலீசுல பச்சை அடிச்சாச்சி. பாதியில வுட்டா நல்லாவா கீது?

— போன சித்திரையில இதையேதான் சொன்ன, ரயில் எஞ்சின வெச்சி. அதுக்கு முன்ன ஹெலிகாப்டர். அதுக்கு முன்ன பீரங்கி. ஒண்ணு முடியற நேரத்துல நீ போளூர்லேர்ந்து இன்னொரு பொட்டியத் தூக்கிக்கினு வந்துடற. நானும் கூறுகெட்டவன், புது பொட்டியப் பாத்ததும் பழசத் தூக்கி மேல வெச்சிட்றேன்.

— நானா போயி வாங்கினேன்? புளி எடுக்கற அஸீம் பாய் குடுத்தாரு. அவரு புள்ள வாங்கி வாங்கி அரைகொறையா ஒட்டிட்டு, காலேஜிக்குப் போயிடுச்சி. வூட்ட அடைச்சிக்கினு கெடக்குது, உன் பொண்ணுக்கு எடுத்துக்கினு போம்மான்னாரு. மொதல்ல அருணாவுக்குன்னுதான் எடுத்தாந்தேன்.

— அருணா தொட்டுக்கூட பாக்கல. தொட்டவன் நானு. பேப்பர்ல இங்கிலீசு கீதேன்னு பயந்தேன். அப்புறம் பாத்தா படத்துல நம்பர் போட்டுகீது. நம்பரு எனக்குத் தெரியாதா இன்னா? ஒண்ணும் ரெண்டும் ஒட்டு, மூணும் நாலும் ஒட்டு. முள்ளு எடுக்கற முள்வாங்கியால புடிச்சி, உப்புத்தாள்ல தேச்சி... ஒரு ஆறு மாசம் எனக்குப் புத்தி கெடாம இருந்ததுன்னா இதாலதான். அத நான் இல்லன்னு சொல்லல.

— அப்புறம் இன்னாத்துக்கு எரிக்கற?

— இங்க வா. உக்காரு. இந்தக் கப்பலப் பாரு. அடிப்பாகம் ரெண்டு துண்டு. மொதநாளு ஒட்டசொல்ல ஒரு நெல்லளவு நழுவிப்போச்சி. பாத்தேன். சரி போவட்டும், மேல வெக்கசொல்ல சரி பண்ணிக்கலாம்னு வுட்டேன். மேல தளம் வெச்சேன், அது கோணலா வந்துச்சி. பீரங்கி வெச்சேன், அது வானத்தப் பாக்குது. கொடிமரம் வெச்சேன், குடிகாரன் மாதிரி சாயுது. அடியில நழுவினது மேல எங்க நேராவும்? அன்னிக்கே வுட்டிருக்கணும். நாலு மாசம் தடவிக்கினு கெடந்தேன்.

— கோணலா இருந்தா இன்னா? தண்ணியில வுடவா போற?

— அப்புறம் இந்தக் காரு. கண்ணாடி ஒட்டசொல்ல பசை ஆவி பட்டு வெள்ளையா பூத்துப்போச்சி. பொரை வுழுந்த கண்ணு மாதிரி. அத்த ஒண்ணும் பண்ண முடியாது. பீரங்கி வண்டிக்கு சக்கரத்துல போடற சங்கிலி, ஒவ்வொரு கண்ணியா கோக்கணும். தொண்ணூறு கோத்தேன். தொண்ணூத்தி ஒண்ணாவதுல, யாருக்குடா இத்த கோக்கறோம்னு தோணிச்சி. அத்தோட சரி. அது பொருளோட தப்பு இல்ல, என் தப்பு. கேட்டுக்கோ சசி, ஒண்ண எப்ப வுடணும்னு மலைக்காரனுக்குச் சொல்லித்தர வேணாம். சாமை வெதைக்கறோம். ஆவணியில களை ஏறிடுச்சி, பயிரு மஞ்சளாப் போச்சி. இன்னா பண்ணுவோம்? மாட்ட அவுத்து உள்ள வுட்றுவோம். மாடாவது தின்னட்டும்னு. கார்த்திகை வரைக்கும் வரப்புல உக்காந்து அழுதுக்கினா இருப்போம்?

— எங்கப்பன் மாடு வுட மாட்டாரு. மஞ்சளாப் போன பயிர்லயும் குந்திக்கினு களை எடுப்பாரு. ரெண்டு மொறம் சாமை வந்தாலும் சாமைதான்னு சொல்லுவாரு.

— அதான் உங்க வூட்ல அத்தினி பேருக்கும் முதுகு வளைஞ்சிகீது.

— ஆமா, எங்க வூட்டு முதுகுதான் இன்னிக்கு உனக்கு சோறு போடுது. மரத்துல ஏறி புளி உலுக்கினது யாரு? சொமந்துக்கினு பஸ் ஏறினது யாரு? ஊருக்குள்ள, எம்புருசன் கேரளாவுல மொளகு எஸ்டேட்ல கீறாருன்னு நாக்கு கூசாம சொல்லிக்கினு திரியறது யாரு?

— நீதான். நீதான்டி. அத்த நான் மறப்பேனா? அதுக்காகத்தான் போறேன்னு சொல்றேன். ரெண்டு வருசமோ மூணு வருசமோ உள்ள இருந்துட்டு வந்துட்றேன். அதுக்கு ஒரு முடிவு கீது. இதுக்கு இன்னா முடிவு கீது? ஜெயில்ல கூட வெயில்ல வுடுவாங்களாம் சசி. உங்கண்ணன் சின்னதம்பி சொன்னான். காலையில ஒரு மணி நேரம் வெயில்ல நிக்கலாமாம். என் காலப் பாரு. உரிச்ச மரவள்ளி மாதிரி வெளுத்துப்போச்சி.

— எங்கண்ணன் பேர எடுக்காத.

— சரி, எடுக்கல.

— வக்கீலு நேரம் பாத்து சொல்றேன்னுகீறாரு. அதுவரைக்கும் பொறுத்துக்கோ.

— இதையேதான் அவரு ஒரு வருசமா சொல்றாரா? வேற ஒண்ணுமே சொல்லலியா?

— அதே பேச்சுதான். இப்ப வேணாம், சூடு ஆறட்டும்ன்றாரு.

— இன்னா சூடு? ஜீப்பு வந்து எத்தினி மாசமாச்சி? மொத வருசம் மூணு தபா வந்தானுங்க. சோத்துப் பானைக்குள்ள கூட தடி வுட்டுப் பாத்தானுங்க. அப்புறம் ஒருத்தனையும் காணோம். மறந்துட்டானுங்கன்னு கூட சில நேரம் நெனைக்கிறேன்.

— அவங்களாவது மறக்கறதாவது! சந்தவாசல் பக்கம் இன்னும் விசாரிக்கறாங்களாம். பஸ்ஸ நிறுத்திப் பேரு கேக்கறாங்களாம். நேத்துகூட... மாமா. மாமா, எழுந்துரு. யாரோ வர்றாங்க. பரணுக்கு ஏறு. டீ கிளாசு, டீ கிளாச எடு!

— சசிகலா! ஏ சசிகலா! கதவ சாத்திக்கினு உள்ள இன்னாடி பண்ற?

— தோ வர்றேன் மங்கம்மாக்கா. சாமை பொடைச்சிக்கினு கீறேன். எலி தொல்ல தாங்கல, அதான் சாத்திக்கீறேன்.

— எலிகிட்டயா பேசிக்கினு இருந்த? பேச்சுச் சத்தம் கேட்டுச்சே.

— அருணா போன் பண்ணாக்கா, ஹாஸ்டல்லேர்ந்து. சனிக்கெழம காலாண்டு லீவுக்கு வருதாம்.

— உன் வூட்ல டவரு எடுக்குதா? எங்கப்பன் சத்தியமா, நானு புளியமரத்து மேட்டுக்கு ஏறினாத்தான் ரெண்டு புள்ளி காட்டுது. சரி, கையக் காட்டு. காட்டுடி! நகத்துல ஒண்ணத்தையும் காணோமே?

— நகத்துல இன்னாக்கா?

— கடைக்காரன் சொல்றான், மாசம் மூணு நகப்பாலீசு வாங்கறியாம். செவப்பு, பச்சை. கருப்பு கீதான்னு வேற கேட்டியாமே? புருசன் கேரளாவுல கெடக்கறான், நீ யாருக்குடி இங்க கருப்புப் பூசிக் காட்டற? எங்கப்பன் சத்தியமா நான் ஒண்ணும் நெனைக்கல. ஊரு வாய்க்கு மூடி ஏது?

— அருணாவுக்குக்கா. ஹாஸ்டல் புள்ளைங்க வெரலுக்கு ஒரு கலரு பூசிக்குதுங்க.

— புள்ளைக்கா? அப்ப சரி. அடியே, உள்ள இன்னா அது? எதுவோ வுழுந்து உருளுதே.

— எலிக்கா. சொன்னேனே.

— டப்பாவே உருட்டுதா? பூனை வளத்துக்கோடி. நான் வந்த சேதியே வேற. கோபால் மேஸ்திரி வந்துகீறான்.

— யாரு?

— அவன்தான், வேன்காரன். ஏரிக்கரையாண்ட நிக்கறான். நாளன்னிக்கு விடியல்ல வேன் கெளம்புதாம். கட்டட வேலைன்னு சொல்றான். எந்தக் கட்டடம்னு ஊருக்கே தெரியாதா? எம்புள்ள அன்பரசன் சட்டைய மடிச்சி பையில வெச்சிட்டான். கேட்டா, எல்லாரும் போறாங்கம்மான்றான். நீ வந்து ரெண்டு வார்த்த சொல்லு. உங்கண்ணன் கதைய அவனுக்குச் சொல்லு. நீ சொன்னா கேப்பான்.

— வர்றேங்க்கா. சாயந்திரம் வர்றேன்.

— மறக்காம வா. அந்த மேஸ்திரி வாயப் பாரு, உன் வூட்டுக்காரனையும் கேட்டான். லட்சுமணனுக்கு சேதி சொல்லி வுடு, மொளகு பறிக்கற கையா அது, கோடாலி புடிச்சா அவன மிஞ்ச இந்த மலையில ஆளு கெடையாதுன்றான். அவன்மேல கேஸு கீதேன்னு கேட்டேன். யாரு மேலக்கா கேஸு இல்லன்றான் சிரிச்சிக்கினு.

— எம்புருசன் வரமாட்டாருன்னு சொல்லிடுங்க. கேரளாவுலயே கெடக்கட்டும்.

— அதான் நல்லது. எங்க கெடந்தாலும் உசுரோட கெடக்கட்டும். வர்றேன்டி.

— போய்ட்டு வாங்கக்கா... எறங்கு மாமா. அவ திருப்பம் தாண்டிட்டா.

— போய்ட்டாளா?

— போய்ட்டா. இன்னாத்த உருட்டின? உயிரே போச்சி எனக்கு.

— கால் பட்டு டப்பா வுழுந்துச்சி. அது கெடக்கட்டும். எத்தினி பேரு ஏறறாங்களாம்?

— இன்னா?

— வேன்ல. அன்பரசன் போறானாம். வேற யாரு யாரு?

— உனக்கு எதுக்கு?

— சும்மா கேட்டேன்டி. கோபாலு இப்பவும் கடப்பா வழியாத்தான் போறானா, இல்ல வேற வழி புடிச்சிட்டானா? அன்பரசன் சின்னப்பய, கோடாலிய மட்டமா வீசுவான். செம்மரத்த சாய்ச்சி வெட்டணும், அப்பத்தான் வைரம் பாயாத பக்கம் வாய் தொறக்கும். மிஞ்ச ஆளு கெடையாதுன்னானாமே? திருட்டுப்பய. ஆனா பொய் சொல்ல மாட்டான்.

— சிரிக்கறியா மாமா?

— யாரு சிரிச்சா?

— உம் மூஞ்சி சிரிக்குது. ஒரு வருசமா இந்த மூஞ்சியில நான் சிரிப்பே பாக்கல. அந்த நாயி பேரச் சொன்னதும் சிரிப்பு வருது உனக்கு.

— ஒருத்தன் நம்ம வேலைய மதிச்சி ஒரு வார்த்த சொன்னா மூஞ்சி மலராதா? அதுக்கு இன்னா இப்ப? அத வுடு. நீ இங்க வா. வந்து கைய நீட்டு.

— எதுக்கு?

— நீட்டு. நான் உருட்டினது உன் கடுகு டப்பா. அள்ளி வெக்கலாம்னு குனிஞ்சேன். கடுகுக்குள்ளேர்ந்து ஒரு துணி முடிச்சி வந்துச்சி. பிரிச்சேன். தோ, ஏரோப்ளேனோட விசிறி. மூணு வாரமா நான் தரைய நக்காத கொறையா தேடினது. தோ, ஹெலிகாப்டர் மேல சுத்தற கம்பி. அஸீம் பாய் புள்ள தொலைச்சிருக்கும்னு நீ சொன்னது. தோ, ரயில் எஞ்சின் சக்கரம். எலி தின்னுடுச்சின்னு சொன்னியே சசி? பாவம், அந்த எலியும் ரெண்டு வருசமா எத்தினி பழிதான் சொமக்கும்?

— கடுகு சிந்திக்கெடக்குது மாமா. தள்ளு, அள்ளிட்றேன்.

— கடுகு கெடக்கட்டும். இதுக்கு பதில் சொல்லு.

— நான்தான் எடுத்து வெச்சேன்.

— அது தெரியுது. ஏன்?

— முடிச்சிட்டா போயிடுவேன்னு சொன்ன இல்ல? மொத பொட்டியிலேர்ந்தே அதான சொன்ன, இத்த முடிச்சிட்டு சரண்டர் ஆயிட்றேன் சசின்னு. முடியாம இருந்தா போவ மாட்டன்னு எடுத்து வெச்சேன். போதுமா?

— அடிப் பாவி. ராத்திரி பகலா விசிறியத் தேடினேனேடி! என் கண்ணு கெட்டுப்போச்சி, என் புத்தி கெட்டுப்போச்சின்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. வெச்ச பொருளு வெச்ச எடத்துல இல்லன்னா, அடைஞ்சி கெடக்கறவன் இன்னா நெனைப்பான்? நமக்குப் பைத்தியம் புடிக்குதுன்னு நெனைப்பான். உன்கிட்ட சொல்லக்கூட பயந்துக்கினு இருந்தேன். நீ எடுத்து ஒளிச்சது விசிறி இல்லடி, என் நாளு. ஒவ்வொரு நாளா எடுத்து கடுகுல பொதைச்சிருக்கற.

— அடிச்சிடு என்ன. ரெண்டு அடி வெச்சிடு. நான் சத்தம் போட மாட்டேன்.

— உன்ன அடிக்கவா? நீ தனியா இருக்க பயப்பட்ட, அதுக்குச் செஞ்ச. புரியுது. ஜெயில்னா பயம்தான். ஆனா அருணாவ நெனைச்சியா? பொங்கல் லீவுக்கு வந்துச்சே. அஞ்சி நாளு. நான் பரண் மேல மல்லாந்து கெடந்தேன். கீழ அது தூங்குது. மூச்சு வுட்ற சத்தம் கேக்குது. மூணாம் நாளு உன்ன கேட்டுச்சி, அப்பாவுக்கு என் மேல கோவமா, ஏன் ஒரு போன் கூட பண்ணலன்னு. நீ, எஸ்டேட்ல டவரு இல்ல கண்ணுன்ன. அது பொரண்டு படுத்துச்சி. அப்புறம் ரொம்ப நேரம் மூக்க உறிஞ்சிக்கினே இருந்துச்சி. நாலடி சசி. எனக்கும் என் கொழந்தைக்கும் நடுவுல நாலடிதான். கைய வாயில கவ்விக்கினு கெடந்தேன். தோ பாரு தழும்பு.

— தெரியும் மாமா. எனக்குத் தெரியாதா? கீழ அவளக் கட்டிக்கினு படுத்திருந்தது நானு.

— தெரிஞ்சா என்ன போவ வுடு. சனிக்கெழம அது வர்றதுக்குள்ள நான் போயாவணும். இன்னொரு தபா அந்தப் பரண்ல படுத்தா நான் செத்துடுவேன். எங்கப்பன் ஜெயில்ல கீறான்னு அது சொல்லட்டும். பரவால்ல. எங்கன்னு தெரிஞ்சா வந்து பாக்கும். கம்பிக்கு அந்தாண்டயாவது அதும் மூஞ்சிய நான் பாப்பேன்.

— ஒண்ணு கேக்கறேன். உண்மையச் சொல்லு. வெளிய வந்தா மறுபடியும் கோபால் வேன்ல ஏற மாட்டியா?

— ஜெயிலுக்குப் போறவன் எங்கடி வேன் ஏறுவான்?

— ஜெயிலு முடிஞ்சி வந்தப்புறம்.

— ஏற மாட்டேன்.

— எங்கண்ணனும் அதான் சொன்னான். இதே எடத்துல உக்காந்துக்கினு, இதே மாதிரி. நாலு மாசம் உள்ள இருந்துட்டு வந்தான். எலும்பும் தோலுமா. குலசாமி மேல கை வெச்சி, இனிமே அந்தப் பக்கம் தலை வெச்சி படுக்க மாட்டேன் தங்கச்சின்னான். ஒரு மாசம் தாண்டல. கோபால் வேன் வந்து ஏரிக்கரையில நின்னுச்சி. எங்கடா போறன்னு கேட்டா, தோ வந்துட்றேன்னான். சட்டைய மடிச்சிக் கக்கத்துல வெச்சிக்கினு போனான். அப்புறம் ஆந்திரா காட்லேர்ந்து துணியில சுத்தி எடுத்தாந்தாங்க. மூஞ்சியப் பாக்கக்கூட வுடல. ஜெயிலுக்குப் போயி வந்தவன் திருந்தறதில்ல மாமா. அந்தப் பயம் போயிடுது அவனுக்கு. இவ்ளோதானான்னு ஆயிடுது. ஊர்ல எண்ணிப் பாரு. வெளிய வந்தவன்ல எவன் ஏறாம இருந்தான்?

— நான் சின்னதம்பி இல்ல.

— நீ அவன விட நல்லா வெட்டுவ. அதான் எனக்கு பயம்.

— சசி, இங்க பாரு. அழாத. கேட்டுக்கோ. நான் தப்பு பண்ணேன். கூட வந்த ஏழு பேரு மாட்டிக்கினாங்க, நான் மட்டும் காட்டு வழியா அஞ்சி நாளு நடந்து வந்து உன் முந்தானைக்குள்ள பூந்துக்கினேன். அன்னிக்கே போயி நின்னிருந்தா இந்நேரம் எல்லாம் முடிஞ்சி, நம்ம கொல்லையில அவரை பறிச்சிக்கினு இருந்திருப்பேன். மொதல்ல நழுவினது அதான். அதுக்கு மேல இன்னாத்த வெச்சாலும் கோணலாத்தான் நிக்கும். வுட்றுவோம்டி. இந்த ஒளியற பொழப்ப இன்னியோட வுட்றுவோம்.

— சட்டை ஈரமா கீது. காயல.

— ஈரத்தோடயே போட்டுக்கறேன்.

— வக்கீலு ஊர்ல இல்ல. வேலூருக்குப் போயிருக்காரு.

— வர்ற வரைக்கும் அவரு வாசல்ல குந்திக்கினு இருக்கேன். வெயில்லதான குந்தணும்? அது ஒரு கஷ்டமா?

— ஊரு பாக்கும். இத்தினி மாசம் உள்ளயா இருந்தான்னு கேக்கும். நான் பொய்க்காரியா நிக்கணும் அத்தினி பேரு முன்னாடி.

— ஜெயிலுக்குப் போறவனப் பாத்து ஊரு இன்னா கேக்கப் போவுது? பாவம்னு ரெண்டு நாளு பேசும். அப்புறம் அவன் அவன் வேலையப் பாப்பான். உன்ன ஒண்ணும் சொல்லாது. புருசனக் காப்பாத்தினான்னு சொல்லும்.

— நாளைக்குப் போ. நாளைக்கு ஒரு நாளு. விசிறிய ஒட்டிடு. இத்தினி நாளு பண்ண, ஒண்ணாவது முழுசா நிக்கட்டும். நான் ஒளிக்க மாட்டேன். பக்கத்துலயே உக்காந்துக்கினு பசை எடுத்துத் தர்றேன்.

— வேணாம் சசி. இப்ப அது கையில கெடைச்சிடுச்சி, ஆனா எனக்கு ஒட்டணும்னே தோணல. அவ்ளோதான், முடிஞ்சிபோச்சி. ஆறையும் வுட்டுட்டேன். ஏரிக்கரை பள்ளத்துல போட்டுடு. அருணா கேட்டா, வெளையாட்டு சாமான்னு சொல்லு. கேக்குதா? பஸ்ஸு. மேல் திருப்பத்துல ஆரன் அடிக்கறான்.

— அது லாரி.

— இருபத்திரெண்டு மாசமா சத்தத்த மட்டுமே கேட்டுக்கினு கீறேன். எனக்கு பஸ்ஸு எது, லாரி எதுன்னு தெரியாதா? தள்ளு. கதவ வுட்டுத் தள்ளி நில்லு.

— மாட்டேன்.

— சசி, கோவம் வர்ற மாதிரி பண்ணாத. பஸ்ஸ வுட்டா சாயந்திரம்தான். அதுக்குள்ள எனக்கு தைரியம் போயிடும். எனக்கே தெரியும் என்னப் பத்தி. வழி வுடும்மா. கைய எடு தாழ்ப்பாள்லேர்ந்து. உன் கால்ல வுழறேன்.

— வுழாத, வுழாத மாமா! என் கால்ல வுழாத, அந்தப் பாவம் வேற எனக்கு வேணாம். அங்க போயி கைய நீட்டாத, உன்ன யாரும் புடிக்க மாட்டாங்க. நீ வெளிய வந்தா அந்த வேன்ல ஏறிடுவன்னுதான் சொல்லாம வெச்சேன். கேஸ்லேர்ந்து உன் பேர எடுத்துட்டாங்கன்னு வக்கீலு சொல்லி பதினாலு மாசம் ஆவுது.